கர்னலுக்குள் டிக்ரிப்ட் ஆன பாக்கெட்டைப் பிடிப்பது: ஐபிசெக் கேட்வேக்களுக்கான முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் ஐபிசெக் (ஐபி பாக்கெட்களை என்கிரிப்ட் செய்து அனுப்பும் முறை) கேட்வே ஒன்றின் வெளிப்புற இன்டர்ஃபேஸில், பாக்கெட் பிடிக்கும் கருவியான டிசிபிடம்ப் ஓட்டினால் கிடைக்கும் காட்சி பலரையும் குழப்பும். எதிர்முனையிலிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு தடவை தெரியும்: முதலில் இஎஸ்பி (ஐபிசெக்கின் என்கிரிப்ட் ஆன வடிவம்) உறையோடு, அடுத்த வரியிலேயே உள்ளே இருந்த பிங் அல்லது டிசிபி பாக்கெட்டாக. இங்கிருந்து போகும் பாக்கெட்டோ இஎஸ்பியாக மட்டுமே தெரியும். இதைப் பார்த்து "பிங் வருகிறது, பதில் போகவில்லை" என்று முடிவு கட்டி ரூட்டிங்கைக் குடையத் தொடங்குபவர்கள் அநேகம். பதில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பிடிக்கும் இடம் தவறு, அவ்வளவுதான்.

திறந்த பாக்கெட்டை, அதாவது என்கிரிப்ட் ஆவதற்கு முன்பும் டிக்ரிப்ட் ஆன பின்பும் உள்ள வடிவத்தை, இரண்டு திசையிலும் எங்கே நின்று பிடிப்பது, பிடித்ததை எப்படிப் படிப்பது என்பதே இந்த வழிகாட்டி. பெரும்பகுதி லினக்ஸ் பற்றியது. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி வழி பின்னால் வருகிறது. கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான சிறிய எழுத்திலும், சங்கிலிப் பெயர்களையும் டார்கெட் பெயரையும் மட்டும் பெரிய எழுத்திலும் தட்டுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு கேட்வேக்கள்: மேற்கு 192.0.2.10, அதன் பின்னால் 10.1.0.0/16. கிழக்கு 198.51.100.20, அதன் பின்னால் 10.2.0.0/16. நாம் மேற்கில் உட்கார்ந்திருக்கிறோம். வெளி இன்டர்ஃபேஸ் ஈத்0.

பாக்கெட் போகும் பாதை

இதைப் புரிந்துகொள்ளாமல் கட்டளைகளை மட்டும் நகலெடுத்தால் கிடைக்கும் பதிவைத் தவறாகப் படிப்பீர்கள். அதனால் கொஞ்சம் நிதானமாக.

உள்ளே வரும் பாதையில், நெட்வொர்க் கார்டின் டிரைவர் பாக்கெட்டைக் கர்னலிடம் கொடுத்ததும், ஐபி அடுக்குக்குப் போகும் முன்பே டிசிபிடம்ப்புக்கு ஒரு நகல் போய்விடும். அப்போது அது இஎஸ்பி. பிறகு பிரீரவுட்டிங், ரூட்டிங், இன்புட் என்று நெட்ஃபில்டர் (கர்னலின் ஃபயர்வால் அடுக்கு) சங்கிலிகளைக் கடந்து, ஐபி புரோட்டோகால் எண் 50 என்பதால் இஎஸ்பி கையாளும் பகுதிக்கு வருகிறது. அங்கே எக்ஸ்எஃப்ஆர்எம் என்ற கர்னல் அடுக்கு பாக்கெட்டில் உள்ள எஸ்பிஐ எண்ணை வைத்துச் சரியான எஸ்ஏவை (ஒரு திசைக்கான சாவி, அல்காரிதம் அடங்கிய பதிவை) தேடி, சரிபார்த்து, டிக்ரிப்ட் செய்கிறது.

டனல் முறை (முழு ஐபி பாக்கெட்டும் இஎஸ்பிக்குள் அடங்கும்) என்றால், உள்ளிருந்து வெளிவந்த பாக்கெட் அதே ஈத்0 வழியாகப் புதிதாக வந்ததுபோல் மறுபடி வரிசையின் தொடக்கத்தில் நிறுத்தப்படும். அதனால்தான் டிசிபிடம்ப் அதை இரண்டாம் முறை பார்க்கிறது. டிரான்ஸ்போர்ட் முறையில் (தரவுப் பகுதி மட்டும் அடங்கும்) இப்படி இல்லை. டிக்ரிப்ட் ஆன பாக்கெட் நேரே பிரீரவுட்டிங் சங்கிலிக்குள் மறுபடி நுழைகிறது. டிசிபிடம்ப் நகல் எடுக்கும் இடத்தை அது தொடுவதே இல்லை. ஆக, டிரான்ஸ்போர்ட் முறையில் ஈத்0-இல் உள்வரும் திறந்த பாக்கெட்கூடத் தெரியாது. டனலில் பழகியவர்கள் இங்கே ஏமாறுவது வழக்கம்.

வெளியே போகும் பாதையில் திறந்த பாக்கெட் முதலில் போஸ்ட்ரவுட்டிங் சங்கிலியைக் கடக்கிறது. அதன் பிறகே எக்ஸ்எஃப்ஆர்எம் அதை என்கிரிப்ட் செய்து இஎஸ்பியாக்குகிறது. அந்த இஎஸ்பி பாக்கெட் புதிய பாக்கெட்டாக அவுட்புட், போஸ்ட்ரவுட்டிங் இரண்டையும் கடந்து டிரைவருக்குப் போகும்போதுதான் டிசிபிடம்ப் நகல் எடுக்கிறது.

இரண்டு திசைக்கும், இரண்டு முறைக்கும் பொதுவாக அமைந்த இடங்கள் பிரீரவுட்டிங்கும் போஸ்ட்ரவுட்டிங்கும்தான். நம் கொக்கியை அங்கேதான் மாட்டப்போகிறோம்.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

ரூட் அனுமதி தேவை. அதோடு, அந்த டனலில் போகும் போக்குவரத்தைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். திறந்த பதிவில் கடவுச்சொல், குக்கி, தரவுத்தள வினவல் எல்லாம் அப்படியே இருக்கும். கோப்பை 0600 அனுமதியோடு, வேறு யாரும் எட்டாத அடைவில் வையுங்கள்.

"ஐபி -எஸ் எக்ஸ்எஃப்ஆர்எம் ஸ்டேட்" ஓட்டுங்கள். ஒரு திசைக்கு ஒன்று என எஸ்ஏக்கள் வரும். ஒவ்வொன்றிலும் எஸ்பிஐ, மோட் டனலா டிரான்ஸ்போர்ட்டா, லைஃப்டைம் கரன்ட் என்ற தலைப்பின் கீழ் பைட், பாக்கெட் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். என்கேப் என்ற வரியில் எஸ்பின்யுடிபி என்று இருந்தால் நடுவில் நாட் (ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் ஏற்பாடு) இருக்கிறது. இஎஸ்பி பாக்கெட்கள் யுடிபி போர்ட் 4500-க்குள் பயணிக்கின்றன. அப்போது ஈத்0-இல் இஎஸ்பி என்று மட்டும் வடிகட்டினால் ஒன்றும் கிடைக்காது. "இஎஸ்பி ஆர் யுடிபி போர்ட் 4500" என்று கொடுப்பது எப்போதும் பாதுகாப்பு.

இந்தக் கட்டளை சாவிகளையும் சேர்த்தே அச்சடிக்கும் என்பதை மறக்காதீர்கள். இந்த வெளியீட்டைச் சக ஊழியருக்கு அனுப்பும் முன் சாவிகளை அழியுங்கள். அல்லது கடைசியில் "லிஸ்ட் நோகீஸ்" சேர்த்து ஓட்டுங்கள்.

அடுத்து "ஐபி எக்ஸ்எஃப்ஆர்எம் பாலிசி". இன், அவுட், ஃபார்வர்டு என மூன்று திசைக்கும் பாலிசி (எந்தப் போக்குவரத்து ஐபிசெக்கில் வர வேண்டும் என்ற விதி) இருக்கிறதா பாருங்கள். லினக்ஸில் டனலிலிருந்து வந்து உள் நெட்வொர்க்குக்குப் போகும் பாக்கெட் "எஃப்டபிள்யுடி" பாலிசியால் சோதிக்கப்படுகிறது. பாலிசிகளைக் கையால் எழுதுபவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

என்எஃப்லாக் வழி

நெட்ஃபில்டரில் என்எஃப்லாக் என்ற டார்கெட் உண்டு. பொருந்தும் பாக்கெட்டின் நகலை நெட்லிங்க் சாக்கெட் வழியாக, எண்ணிட்ட ஒரு குழுவுக்கு அனுப்பிவிடும். அசல் பாக்கெட் தடையின்றித் தன் வழியில் போகும். லிப்பீகேப் நூலகம் இந்தக் குழுவை ஓர் இன்டர்ஃபேஸ் போலவே திறக்கும். இதோடு "பாலிசி" என்ற மேட்ச் சேர்ந்தால் ஐபிசெக் தொட்ட பாக்கெட்களை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

1. உள்வருபவற்றுக்கு: ஐபிடேபிள்ஸ் -டி மாங்கிள் -ஐ பிரீரவுட்டிங் -எம் பாலிசி --பால் ஐபிசெக் --டிர் இன் -ஜே என்எஃப்லாக் --என்எஃப்லாக்-குரூப் 5 --என்எஃப்லாக்-பிரிஃபிக்ஸ் உள்ளே

2. வெளிச்செல்பவற்றுக்கு: ஐபிடேபிள்ஸ் -டி மாங்கிள் -ஐ போஸ்ட்ரவுட்டிங் -எம் பாலிசி --பால் ஐபிசெக் --டிர் அவுட் -ஜே என்எஃப்லாக் --என்எஃப்லாக்-குரூப் 5 --என்எஃப்லாக்-பிரிஃபிக்ஸ் வெளியே

3. பிடிக்க: டிசிபிடம்ப் -என் -எஸ் 0 -ஐ என்எஃப்லாக்:5 -டபிள்யு திறந்த.பீகேப்

முதல் இரண்டு வரிகளில் சங்கிலிப் பெயருக்கு முன் வரும் ஐ பெரிய எழுத்து. விதியைச் சங்கிலியின் தலையில் செருகச் சொல்கிறது. மூன்றாவது வரியில் இருப்பது சிறிய ஐ, இன்டர்ஃபேஸைக் குறிக்கிறது. பிரிஃபிக்ஸ் 64 எழுத்துக்குள் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒட்டிக்கொண்டு வந்து வயர்ஷார்க்கில் (பதிவைத் திறந்து படிக்கும் நிரல்) தனிப் புலமாகத் தெரியும். திசையைப் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஐபிவி6 போக்குவரத்து இருந்தால் இதே இரண்டு விதிகளை ஐபி6டேபிள்ஸிலும் போட வேண்டும்.

"--டிர் இன்" என்பது பிரீரவுட்டிங், இன்புட், ஃபார்வர்டு சங்கிலிகளில் மட்டுமே செல்லும். "--டிர் அவுட்" அவுட்புட், ஃபார்வர்டு, போஸ்ட்ரவுட்டிங்கில் செல்லும். மாற்றிப் போட்டால் விதியே ஏறாது.

நாட் டேபிளில் ஏன் போடக்கூடாது? அந்த டேபிளை ஒரு இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே எட்டிப் பார்க்கும். டிசிபியின் சின் ஒன்று கிடைக்கும், மிச்சம் காணாமல் போகும். மாங்கிள் எல்லாப் பாக்கெட்டையும் பார்க்கும்.

என்எஃப்டேபிள்ஸ் பயன்படுத்துபவர்கள், வகை ஃபில்டர், முன்னுரிமை -150 என்று பிரீரவுட்டிங், போஸ்ட்ரவுட்டிங் கொக்கிகளில் இரண்டு சங்கிலிகளை உண்டாக்குங்கள். முதலாவதில் "மெட்டா ஐபிசெக் எக்ஸிஸ்ட்ஸ் லாக் குரூப் 5", இரண்டாவதில் "ஆர்டி ஐபிசெக் எக்ஸிஸ்ட்ஸ் லாக் குரூப் 5". மெட்டா என்பது பாக்கெட் ஏற்கெனவே டிக்ரிப்ட் ஆகி வந்ததா என்று கேட்கிறது. ஆர்டி என்பது ரூட்டிங் முடிவில் ஐபிசெக் காத்திருக்கிறதா என்று கேட்கிறது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் வேலை செய்யாது.

சோதித்துப் பார்த்தல்

இரண்டு டெர்மினல் திறங்கள். ஒன்றில் ஈத்0-இல் இஎஸ்பி, மற்றொன்றில் என்எஃப்லாக்:5. 10.1.0.0/16-இல் உள்ள ஒரு கணினியிலிருந்து 10.2-இல் உள்ள ஒன்றுக்கு ஒரே ஒரு பிங் அனுப்புங்கள். கேட்வேயிலிருந்தே பிங் செய்தால் பெரிய எழுத்தில் -ஐ கொடுத்து மூல முகவரியை 10.1 வரம்புக்குள் உள்ளதாக வையுங்கள், இல்லாவிட்டால் 192.0.2.10-இலிருந்து கிளம்பும் பாக்கெட் பாலிசிக்குள் வராமல், திறந்தபடியே இணையத்துக்குப் போகும்.

என்எஃப்லாக் பக்கம் கோரிக்கை ஒன்று, பதில் ஒன்று. ஈத்0 பக்கம் வெளிச்செல்லும் எஸ்பிஐயில் ஒரு இஎஸ்பி, உள்வரும் எஸ்பிஐயில் ஒரு இஎஸ்பி. இரண்டும் ஒரே பிங்தான் என்பதை அளவை வைத்தே உறுதி செய்யலாம். வழக்கமான லினக்ஸ் பிங் 84 பைட் ஐபி பாக்கெட். டனல் முறையில், ஏஇஎஸ்-ஜிசிஎம், 16 பைட் ஐசிவி (சரிபார்ப்பு மதிப்பு) என்றால்: இஎஸ்பி தலைப்பு 8, ஐவி (என்கிரிப்ஷனின் தொடக்க மதிப்பு) 8, உள்பாக்கெட் 84-உம் இறுதிப் புலங்கள் 2-உம் சேர்ந்த 86 நான்கின் மடங்காக 88, ஐசிவி 16. மொத்தம் 120. டிசிபிடம்ப் இஎஸ்பி வரியில் காட்டும் லெங்த் இதுவே. ஏஇஎஸ்-சிபிசி, எஸ்எச்ஏ-256 கூட்டணி என்றால் ஐவி 16 ஆகும். 86 என்பது 16-இன் மடங்காக 96 ஆகும். 8, 16, 96, 16 சேர்ந்து 136. உங்கள் திரையில் வேறு எண் வந்தால், நீங்கள் நினைத்த அல்காரிதம் பேசி முடிக்கப்படவில்லை என்று பொருள்.

இந்த வழியில் இடறும் இடங்கள்

என்எஃப்லாக் இன்டர்ஃபேஸில் "போர்ட் 443" போன்ற வடிகட்டியை டிசிபிடம்ப்புக்குக் கொடுத்தால், அந்த லிங்க் வகைக்கு வடிகட்டுதல் இல்லை என்று மறுத்துவிடும். வடிகட்ட வேண்டியதை விதியிலேயே வடிகட்டுங்கள்: -பி டிசிபி --டிபோர்ட் 443, -எஸ் 10.2.3.4 என்று. உண்மையில் இதுவே நல்ல பழக்கம். தேவையற்ற நகல் கர்னலை விட்டு வெளியே வருவதே இல்லை. திசைக்கேற்ப மூலம், இலக்கு இரண்டையும் மாற்றி எழுத மறக்காதீர்கள். பிடித்து முடித்த கோப்பை வயர்ஷார்க்கின் காட்சி வடிகட்டியால் எப்படி வேண்டுமானாலும் சலிக்கலாம்.

ஒரு குழுவை ஒரே ஒரு நிரல்தான் கேட்க முடியும். அதே குழு எண்ணில் யுலாக்டி என்ற பதிவு நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் டிசிபிடம்ப் பிழையோடு நின்றுவிடும். குழு எண் 0 முதல் 65535 வரை எதுவும் ஆகலாம். பலரும் தொடும் 0, 1 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் ஒவ்வொன்றுக்கும் விதிகளும் எஸ்ஏக்களும் குழுக்களும் தனித்தனி. ஐபிசெக் ஒரு கன்டெய்னருக்குள் ஓடினால் விதி, டிசிபிடம்ப் இரண்டும் அதே நேம்ஸ்பேஸுக்குள் ஓட வேண்டும். ஹோஸ்ட்டில் நின்று கேட்டால் அமைதியே கிடைக்கும்.

நேரக் குறிப்பை அதிகம் நம்பாதீர்கள். என்எஃப்லாக் பதிவில் உள்ள நேரம், லிப்பீகேப் அந்த நகலைப் படித்த நேரம். பல பாக்கெட்களைச் சேர்த்து ஒரே மூட்டையாக அனுப்பும்படி --என்எஃப்லாக்-திரெஷோல்டு கூட்டியிருந்தால், மூட்டையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் விழும். மில்லிநொடித் தாமதத்தை அளக்க இது கருவி அல்ல. மறுஅனுப்புகையும் வரிசைக் குழப்பமும் பார்க்க இது போதும்.

போக்குவரத்து அதிகமான கேட்வேயில் நெட்லிங்க் சாக்கெட்டின் தாங்ககம் நிரம்பி நகல்கள் தவறும். அசல் போக்குவரத்துக்கு இழப்பு இல்லை. பதிவில்தான் ஓட்டை விழும். தலைப்புகள் மட்டும் போதுமென்றால் விதியில் --என்எஃப்லாக்-சைஸ் 128 கொடுங்கள். --என்எஃப்லாக்-ரேஞ்ச் என்ற பழைய விருப்பமும் உண்டு; அது ஒருபோதும் வேலை செய்ததில்லை என்று கையேடே சொல்கிறது, ஆனாலும் பல குறிப்புகளில் இன்னும் அதுவே சுற்றிக்கொண்டிருக்கிறது. நீண்ட நேரம் ஓட்டுவதானால் டிசிபிடம்ப்புக்குப் பெரிய சி 100, பெரிய டபிள்யு 10 கொடுத்தால் தலா 10 கோடி பைட் கொண்ட பத்துக் கோப்புகள் சுழலும், வட்டு நிரம்பாது.

வெளிச்செல்லும் பதிவில் 1500 பைட்டைத் தாண்டிய, சில சமயம் 60,000 பைட்டைத் தொடும் டிசிபி பாக்கெட்கள் தெரியலாம். செக்சம் தவறு என்ற எச்சரிக்கையும் வரலாம். இரண்டுமே கோளாறு இல்லை. துண்டாக்குவதும் செக்சம் போடுவதும் இதற்குப் பின்னால் நடக்கும் வேலைகள். நீங்கள் அதற்கு முன்பே பிடித்துவிட்டீர்கள். இதனாலேயே எம்டியு (இணைப்பு ஏற்கும் அதிகபட்ச பாக்கெட் அளவு) சிக்கலை ஆராய்பவர்கள் திறந்த பதிவை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. கம்பியில் உண்மையில் எவ்வளவு பெரிய இஎஸ்பி போனது என்பதை ஈத்0 பதிவில்தான் பார்க்க வேண்டும்.

பிடிபட்டதெல்லாம் போய்ச் சேர்ந்ததல்ல

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

போஸ்ட்ரவுட்டிங்கில் மாங்கிள் முதலில், நாட் பின்னால். 10.1.0.5-இலிருந்து 10.2.0.9-க்குப் போகும் பாக்கெட் மாங்கிளுக்கு வரும்போது ஐபிசெக் பாலிசியில் பொருந்தியிருக்கிறது. உங்கள் விதி அதைப் பிடிக்கிறது. பதிவில் அழகாக "வெளியே" என்று விழுகிறது. அடுத்த நொடியே நாட் டேபிளில் உள்ள பொதுவான மாஸ்கரேட் விதி மூல முகவரியை 192.0.2.10 ஆக மாற்றுகிறது. முகவரி மாறியதால் கர்னல் பாலிசியை மறுபடி தேடுகிறது. 192.0.2.10 எந்தப் பாலிசியிலும் இல்லை. பாக்கெட் என்கிரிப்ட் ஆகாமல், திறந்தபடி ஈத்0 வழியாக இணையத்துக்குப் போகிறது. நீங்களோ பதிவைப் பார்த்து "நம் பக்கம் சரி, எதிர்முனைதான் கோளாறு" என்று எதிர்முனைக்காரரிடம் சண்டைக்கு நிற்பீர்கள்.

கண்டுபிடிக்க: ஈத்0-இல் "நெட் 10.2.0.0/16" என்று வடிகட்டி, மூலம் 192.0.2.10 ஆக ஏதாவது போகிறதா பாருங்கள். சரிசெய்ய: நாட் டேபிளின் போஸ்ட்ரவுட்டிங் தலையில் -எம் பாலிசி --பால் ஐபிசெக் --டிர் அவுட் -ஜே ஆக்செப்ட். ஏற்கெனவே உருவான இணைப்புகள் பழைய நாட் முடிவையே பிடித்துக்கொண்டிருக்கும். "கான்ட்ராக் -டி" (பெரிய டி) கொண்டு அவற்றை நீக்கிவிட்டுச் சோதியுங்கள்.

உள்வரும் பக்கத்திலும் இதே கதைதான். டிக்ரிப்ட் ஆன பாக்கெட் பிரீரவுட்டிங்கைக் கடந்த பிறகுதான் பாலிசிச் சோதனை நடக்கிறது. எனவே பதிவில் தெரிந்த பாக்கெட் அடுத்த அடியில் வீசப்பட்டிருக்கலாம். அதை அறிய /ப்ராக்/நெட்/எக்ஸ்எஃப்ஆர்எம்_ஸ்டாட் கோப்பைப் பாருங்கள். பிங் அனுப்பும் முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எடுத்து எந்த எண் ஏறுகிறது என்று ஒப்பிடுங்கள்:

- எக்ஸ்எஃப்ஆர்எம்-இன்-நோபால்ஸ் ஏறினால்: எஸ்ஏ சரி, டிக்ரிப்ட் ஆனது, ஆனால் இன் அல்லது ஃபார்வர்டு பாலிசி இல்லை. திறந்த பதிவில் பாக்கெட் தெரியும்.
- இன்-டெம்ப்ளேட்-மிஸ்மேட்ச்: பாலிசி இருக்கிறது; அது எதிர்பார்க்கும் எஸ்ஏ வேறு. பாக்கெட் தெரியும், பிறகு வீசப்படும்.
- இன்-நோஸ்டேட்ஸ்: வந்த எஸ்பிஐக்கு எஸ்ஏவே இல்லை. திறந்த பதிவில் எதுவும் வராது. ஒரு முனை மட்டும் மறுதொடக்கம் ஆகியிருந்தால் இதுதான் நடக்கும்.
- இன்-ஸ்டேட்-புரோட்டோ-எரர்: சாவியோ அல்காரிதமோ பொருந்தவில்லை. டிக்ரிப்ட் ஆகவில்லை, பதிவு வெறுமை.
- இன்-ஸ்டேட்-சீக்-எரர்: ரீப்ளே (பழைய பாக்கெட்டை மறுபடி அனுப்பும் மோசடி) தடுப்புச் சாளரத்துக்கு வெளியே விழுந்த பாக்கெட். பல வரிசைகளில் பாக்கெட்களைப் பிரித்தனுப்பும் வேகமான இணைப்புகளில் சாளரம் சிறியதாக இருந்தால் நல்ல பாக்கெட்டும் இதில் மாட்டும்.
- அவுட்-நோஸ்டேட்ஸ்: பாலிசி பொருந்தியது, எஸ்ஏ இன்னும் உருவாகவில்லை. போஸ்ட்ரவுட்டிங் வரை போகாததால் பதிவிலும் வராது.

தனி இன்டர்ஃபேஸ் வழி

புதிதாக ஒரு டனலை அமைக்கும் நிலையில் இருக்கிறீர்கள் என்றால் என்எஃப்லாக்கைவிட இது சுத்தமானது. கர்னல் 4.19 முதல் எக்ஸ்எஃப்ஆர்எம் இன்டர்ஃபேஸ் உண்டு. "ஐபி லிங்க் ஆட் ஐபிசெக்0 டைப் எக்ஸ்எஃப்ஆர்எம் டெவ் ஈத்0 இஃப்_ஐடி 42" என்று உருவாக்கி, "அப்" நிலைக்குக் கொண்டுவந்து, 10.2.0.0/16-க்கான ரூட்டை அதன்மேல் போடுங்கள். ஐபிசெக் மென்பொருளான ஸ்ட்ராங்ஸ்வானில் (5.8.0 முதல்) அந்த இணைப்பின் இஃப்_ஐடி_இன், இஃப்_ஐடி_அவுட் இரண்டும் 42 ஆக இருக்க வேண்டும், அதன் பின்னணி நிரலான சாரோன் தானாக ரூட் போடுவதை நிறுத்திவிடுங்கள். லிப்ரெஸ்வானில் ஐபிசெக்-இன்டர்ஃபேஸ் என்ற விருப்பம் இதையே செய்யும்.

அதன்பின் டிசிபிடம்ப் -ஐ ஐபிசெக்0. இரண்டு திசையும் திறந்தபடி, வழக்கமான வடிகட்டிகளோடு வரும். ஈதர்நெட் தலைப்பு இருக்காது. பாக்கெட் நேரே ஐபியில் தொடங்கும்.

இங்கும் முந்தைய எச்சரிக்கை பொருந்தும். வெளிச்செல்லும் பாக்கெட் இன்டர்ஃபேஸுக்குள் நுழையும் வாசலிலேயே நகல் எடுக்கப்படுகிறது. எஸ்ஏ தேடுவது அதற்குப் பிறகு. இஃப்_ஐடி பொருந்தாவிட்டால் டிசிபிடம்ப்பில் போவதாகத் தெரியும், ஈத்0-இல் இஎஸ்பி வராது. "ஐபி -எஸ் லிங்க் ஷோ ஐபிசெக்0"-இல் டிஎக்ஸ் பகுதியின் பிழை, கேரியர் எண்கள் ஏறுகின்றனவா என்று பாருங்கள்.

வயர்கார்டு (லினக்ஸ் 5.6 முதல் கர்னலிலேயே உள்ளது) பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை, டபிள்யுஜி0-இல் டிசிபிடம்ப் ஓட்டினால் போதும். ஒன்று மட்டும்: அலவுடு-ஐபிஸ் பட்டியலில் இல்லாத மூல முகவரியோடு வந்த பாக்கெட், டிக்ரிப்ட் ஆனாலும் இன்டர்ஃபேஸை எட்டும் முன்பே வீசப்படும். கர்னலின் டைனமிக் டீபக் வசதியில் வயர்கார்டு மாட்யூலுக்கு +பி கொடுத்தால், அப்படி வீசப்பட்டவை டிமெசேஜில் வரியாக வரும்.

பிஎஸ்டியில் என்க்0

பிஎஸ்டிக்காரர்கள் இதை வெகுநாள் முன்பே நேர்த்தியாகத் தீர்த்துவிட்டார்கள். என்க்0 என்ற போலி இன்டர்ஃபேஸ் வழியாக எல்லா ஐபிசெக் போக்குவரத்தும் திறந்த வடிவில் கடக்கும்.

ஃப்ரீபிஎஸ்டியில் "கேஎல்டிலோட் இஃப்_என்க்" கொடுத்து மாட்யூலை ஏற்றுங்கள். பிறகு "இஃப்கான்ஃபிக் என்க்0 அப்". அப் செய்யாவிட்டால் இன்டர்ஃபேஸ் இருக்கும், பாக்கெட் வராது. பலரும் தவறவிடுவது இந்த ஒரு சொல்லைத்தான். பின் டிசிபிடம்ப் -ஐ என்க்0. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அந்தப் பாக்கெட் சரிபார்க்கப்பட்டதா, என்கிரிப்ட் ஆனதா என்ற குறிப்பும் எஸ்பிஐயும் இருக்கும். லினக்ஸில் இல்லாத வசதி இது: எந்த எஸ்ஏ வழியாக வந்தது என்பது பதிவிலேயே கிடைத்துவிடுகிறது.

எந்தக் கட்டத்தில் நகல் எடுப்பது என்பதை நெட்.என்க்.இன், நெட்.என்க்.அவுட் கிளைகளின் கீழுள்ள ஐபிசெக்_பிபிஎஃப்_மாஸ்க் என்ற சிஸ்கண்ட்ரோல் மதிப்பு தீர்மானிக்கிறது. உள்வருவதற்கு 1 என்றால் வெளித்தலைப்பை உரிக்கும் முன், 2 என்றால் உரித்த பின். வெளிச்செல்வதற்கு 1 என்றால் உள்தலைப்பு மட்டும், 2 என்றால் இரண்டு தலைப்போடும். 3 என்றால் இரண்டு நிலையிலும், அதாவது ஒவ்வொன்றும் இரு முறை. இயல்பாக உள்வருவதற்கு 1, வெளிச்செல்வதற்கு 3 என்று இருப்பதால் முதல் பார்வையில் பதிவு கோணலாகத் தெரியும். உள்வருவதற்கு 2, வெளிச்செல்வதற்கு 1 என்று மாற்றினால் இரண்டு திசையிலும் உள்பாக்கெட் மட்டும், ஒரே ஒரு முறை வரும். ஃபயர்வால் பார்ப்பதற்கு முந்தைய நகல் இது. ஃபயர்வாலைக் கடந்த பின்பும் வேண்டுமென்றால் மாஸ்க்கில் 4-ஐக் கூட்டுங்கள்.

பிஎஃப்சென்ஸ் ஃப்ரீபிஎஸ்டிமேல் நிற்பதால் அங்கும் இதே என்க்0தான். பாக்கெட் கேப்சர் பக்கத்தில் ஐபிசெக் என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஓப்பன்பிஎஸ்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட என்க் இன்டர்ஃபேஸ் உண்டாக்கி, ஐபிசெக் பின்னணி நிரலான ஐக்டியின் அமைப்பில் "டேப்" என்ற சொல்லால் ஒரு குறிப்பிட்ட டனலை என்க்1-க்குத் திருப்பலாம். பல கிளைகள் இணையும் கேட்வேயில் இது பெரிய நிம்மதி.

விதியே போட முடியாத இடத்தில்: சாவியை எடுத்து வயர்ஷார்க்கில்

உற்பத்தியில் ஓடும் ஃபயர்வாலில் கைவைக்க அனுமதி இல்லை, ரூட்டாகப் படிக்க மட்டும் முடியும் என்ற நிலையில், ஈத்0-இல் இஎஸ்பியைப் பிடித்துவிட்டுப் பிறகு திறக்கலாம். பிடிக்கும் அதே நேரத்தில் "ஐபி எக்ஸ்எஃப்ஆர்எம் ஸ்டேட்" வெளியீட்டையும் சேமியுங்கள். ரீகீ நடந்தால் சாவி மாறிவிடும். பழைய சாவியை அதன்பின் எடுக்க வழியில்லை.

வயர்ஷார்க்கின் இஎஸ்பி அமைப்பில் டிக்ரிப்ட் செய்யும் விருப்பத்தை இயக்கி, எஸ்ஏ பட்டியலில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு வரி சேருங்கள்: புரோட்டோகால், மூலம், இலக்கு, எஸ்பிஐ, அல்காரிதம், சாவி. ஏஇஎஸ்-ஜிசிஎம்மில் ஒரு நுணுக்கம்: கர்னல் காட்டும் சாவியின் கடைசி 4 பைட் சால்ட். 128 பிட் சாவிக்கு 20 பைட்டும், 256 பிட்டுக்கு 36 பைட்டும் தெரியும். சால்ட்டை வெட்டாமல் முழுவதையும் 0எக்ஸ் முன்னொட்டோடு ஒட்டுங்கள். ஐசிவி நீளமும் பொருந்த வேண்டும். சாவி வரிசையாக பூஜ்யங்களாகத் தெரிந்தால், கர்னல் லாக்டவுன் ரகசியக்காப்பு நிலையில் இருக்கிறது. இந்த வழி அங்கே மூடியது.

கார்டே டிக்ரிப்ட் செய்யும் ஆஃப்லோடு இயங்கினால் ஈத்0 பதிவே மாறிவிடும். எஸ்ஏ விவரத்தில் ஆஃப்லோடு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முழு பாக்கெட் ஆஃப்லோடு என்றால் இஎஸ்பி கர்னலை எட்டுவதே இல்லை. ஈத்0-இல் திறந்த பாக்கெட்டே தெரியும். அதைப் பார்த்து டனல் உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். கம்பியில் என்ன போகிறது என்பதை ஸ்விட்ச்சின் மிரர் போர்ட்டில்தான் பார்க்க முடியும்.

முடித்ததும்

போட்ட விதிகளை, பெரிய ஐ இருந்த இடத்தில் பெரிய டி வைத்து, மீதியை எழுத்துக்கெழுத்து அப்படியே தட்டி நீக்குங்கள். பிரிஃபிக்ஸை விட்டுவிட்டால் பொருந்தாது என்று மறுக்கும். மறந்தால் யாரும் கேட்காத குழுவுக்கான விதி ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வீணாக ஓடிக்கொண்டிருக்கும்; விதிகளைச் சேமிக்கும் சேவை இயங்கும் கணினியில் அது மறுதொடக்கத்துக்குப் பின்னும் திரும்ப வரும். ஃப்ரீபிஎஸ்டியில் மாஸ்க் மதிப்புகளைப் பழையபடி வைத்து, என்க்0-ஐ வேறு எதுவும் பயன்படுத்தவில்லை என்றால் மட்டும் டவுன் செய்யுங்கள். பிஎஃப் விதிகள் அதன்மேல் எழுதப்பட்டிருந்தால் டவுன் செய்த கணமே அந்த வடிகட்டுதல் நின்றுவிடும்.